அப்டேட் கோளாறு

"என் வீடு, என் கம்ப்யூட்டர். சத்தத்தை ஒரு புள்ளிகூடக் குறைக்க மாட்டேன்" என்றார் மாமனார்.

மருமகள் தன் அறைக்குத் திரும்பினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், கம்ப்யூட்டரில் விவாத நிகழ்ச்சி. நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் அவள், தணிக்கைப் பாடத்தின் முதல் பக்கத்தை ஐந்தாவது முறையாகப் படித்தாள். இருபத்து மூன்றாம் தேதி காலையில் அரசு வேலைக்கான பரீட்சை. போன தடவை நாலு மார்க்கில் போனது. வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

"கல்யாணம் ஆனவளுக்கு இன்னும் என்ன பரீட்சை?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டவர்தான் மாமனார்.

மறுநாள் கம்ப்யூட்டர் அப்டேட் ஆனது. சத்தம் போனது. "அப்டேட் கோளாறு" என்றார் மாமனார்.

"அப்டேட்டாவது ஒண்ணாவது! யாருக்கு இடைஞ்சலா இருந்ததோ அவங்க கை வெச்சிருப்பாங்க" என்றாள் மாமியார், அடுப்பைப் பார்த்து.

"நான் தொடவே இல்லை அத்தை."

"உன்னைச் சொன்னேனா?"

மாமனார் குடோன் கண்காணிப்பாளராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சீட்டு ஒட்டாத பொருள் கிடையாது. சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை' என்று இருக்கும். காலி டப்பாவில் 'காலி' என்று இருக்கும்.

மெக்கானிக்கை வரவழைத்தவளும் மாமியார்தான்.

வந்தவர் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். வால்யூமை ஏற்றினார். அப்டேட்டை எடுத்துவிட்டு மறுபடி போட்டார். ஸ்பீக்கரைத் தலையில் தட்டினார். அது வாயைத் திறக்கவில்லை.

"சத்தம் இல்லாம விவாதம் பார்த்தா, மீன் தொட்டி பார்க்கிற மாதிரி இருக்குப்பா" என்று அலுத்துக்கொண்டார் மாமனார்.

மெக்கானிக் டார்ச்சோடு மேஜைக்கு அடியில் புகுந்தார். கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"உள்ளே தூங்கிட்டியாப்பா?" என்றாள் மாமியார்.

தலையெல்லாம் தூசியோடு வெளியே வந்தவர், மாமனாரை ஒரு தடவை பார்த்தார். மாமனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்டேட் கோளாறுதாம்மா. இருபத்து மூணாம் தேதி சாயங்காலம் சரியாயிடும்."

"அதென்ன அவ்வளவு கச்சிதமா சொல்றே?"

"உள்ளே எழுதியிருக்கும்மா."

"நான் அப்பவே சொன்னேன், யாரு கேட்டீங்க?" என்றார் மாமனார்.

மெக்கானிக் கிளம்பிப் போன பிறகுதான் மாமியார் கவனித்தாள். "டார்ச்சை விட்டுட்டுப் போயிட்டான் பாரு. ஓடிப்போய்க் குடுத்துட்டு வா."

மருமகள் மேஜைக்கு அடியில் குனிந்தாள். டார்ச் எரிந்தபடியே கிடந்தது. அந்த வெளிச்சத்தில், பச்சை ஓட்டையில் இருக்க வேண்டிய ஸ்பீக்கர் ஒயர் பக்கத்துச் சிவப்பு ஓட்டையில் செருகியிருந்தது. ஒயரில் புதுச் சீட்டு. மாமனாரின் குண்டு குண்டான கையெழுத்து:

'தற்காலிக இடம். 23 மாலை பச்சைக்கு மாற்றவும்.'