வியன்னா வேண்டாம்

"வியன்னாவா? குழந்தையைக் கூட்டிண்டு, டிசம்பர்லயா? வேண்டாம்பா. கேன்சல் பண்ணிடு."

எடுத்த எடுப்பிலேயே சுந்தரராமன் இப்படிச் சொல்வார் என்று செழியன் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வாரம் கிளம்ப வேண்டும். அந்த ஊரில் சில வருடங்கள் வேலை பார்த்தவராயிற்றே, என்ன ஷூ வாங்கலாம், எத்தனை ஸ்வெட்டர் எடுத்துப் போகலாம் என்று இரண்டு வார்த்தை கேட்டுப் போகத்தான் மனைவி ரோஷினியோடும் மகள் மகிழினியோடும் அவர் வீட்டுக்கு வந்திருந்தான். ஆபீஸில் அவனுக்கு மேனேஜரும் அவர்தான்.

"உள்ள போட்டுக்கற தெர்மல் துணியெல்லாம் வாங்கியாச்சுங்க அங்கிள்," என்றாள் ரோஷினி.

"தெர்மல் என்னம்மா பண்ணும்? தெருவெல்லாம் கல்லு பாவினது. மேல ஐஸ் உறைஞ்சு கெடக்கும், கண்ணுக்கே தெரியாது. வழுக்கி விழுந்தா இடுப்பு போயிடும். கூரையிலேர்ந்து பனி பாளம் பாளமா விழும். ஜாக்கிரதைன்னு காட்ட சுவத்துல கட்டையைச் சாய்ச்சு வெச்சிருப்பா. புதுசா போறவாளுக்கு அது எங்க புரியப்போறது?"

"பாத்து நடந்துக்கறோம் சார்," என்று செழியன் சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை.

"நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும். ஞாயித்துக்கிழமை கடை கண்ணி எல்லாம் மூடிடுவான். அது சரி, மகிழினிக்கு வீசிங் உண்டோன்னோ?"

ரோஷினியின் முகம் மாறியது. "எப்பவாவதுதாங்க அங்கிள்."

"அங்க என்கூட வேலை பாத்தவரோட பையன். குளிர் காத்து பட்டு மூச்சு இழுத்துடுத்து. டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றதுக்குப் பாஷை தெரியாம அந்தம்மா அழுததை நான் பக்கத்துல நின்னு பாத்தேன். சொல்றதைச் சொல்லிட்டேன், அப்புறம் உங்க இஷ்டம்."

காரில் ஏறியதும் ரோஷினி வெடித்தாள்.

"லீவை அப்ரூவ் பண்ணினதே இவர்தானே? அப்ப, 'சொர்க்கம்மா அது, போய்ட்டு வாங்கோ'ன்னாரு. இப்ப என்ன வந்துச்சாம்? வயித்தெரிச்சல்! இவரு அமெரிக்க சிட்டிசன், நெனச்சப்ப நெனச்ச ஊருக்குப் பறப்பாரு. ஹெச்-ஒன் விசாவுல இருக்கறவன் ஆறு வருஷத்துல ஒருக்கா போனா பொறுக்கல."

"மெதுவாப் பேசு. பாப்பா கேக்குது."

"டாடி, வில் தேர் பி ஸ்னோ?" என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"பனி நெறைய இருக்கும் கண்ணு," என்றான் செழியன்.

வாய்தான் திட்டியதே தவிர, அன்று இரவே ரோஷினி குளிரில் வீசிங் வருமா என்று நெட்டில் தேடிப் பார்த்தாள். மறுநாள் காலை மகிழினி பாலில் போட்ட சீரியலைச் சாப்பிடும்போது இரண்டு தடவை இருமினாள். சாதாரண இருமல்தான். ஆனால் ரோஷினிக்கு அது போதுமானதாக இருந்தது.

"வேண்டாங்க. கேன்சல் பண்ணிடுங்க," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அழுது முடித்ததும் சுந்தரராமனை ஒரு பாட்டம் திட்டினாள்.

செழியனுக்கும் கோபம்தான். ஆனால் மேனேஜரிடம் கோபத்தைக் காட்ட முடியுமா? "கேன்சல் பண்ணிட்டேன் சார், லீவு வேண்டாம்," என்று ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பினான். 'நல்லது' என்று உடனே பதில் வந்தது. அதைப் பார்த்து ரோஷினிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

வியன்னாவில் இருந்திருக்க வேண்டிய செவ்வாய்க்கிழமை. காப்பெல் நகரத்து வீட்டின் டைனிங் டேபிளில் செழியன் லாப்டாப்பைத் திறந்தபோது, திடீரென்று ஒரு மீட்டிங்குக்கு அழைப்பு வந்திருந்தது. ஹெச்.ஆர். பெண்மணி ஒருவர் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் படித்தார். படித்து முடித்த கொஞ்ச நேரத்தில் லாப்டாப் தானாகப் பூட்டிக்கொண்டது.

"வேலை போயிருச்சு ரோஷினி."

"விசா?" அவளுக்கு முதலில் வந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

"வேற வேலை தேட ரெண்டு மாசம் டைம் இருக்கு. அதுக்குள்ள கெடச்சா தப்பிச்சோம்."

அடுப்பை அணைக்கப் போனவள் அப்படியே நின்றாள். "ஏங்க, நாம இப்ப வியன்னாவுல இருந்திருந்தா?"

செழியன் அதை அதுவரை யோசிக்கவில்லை. யோசித்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"இந்த விசாவே இந்த வேலைக்குத்தானே? வேலை போனப்புறம் ஏர்போர்ட்ல எதைக் காட்டி உள்ள வர்றது? அந்த ரெண்டு மாசம்கூட இந்த நாட்டுக்குள்ள இருக்கறவனுக்குத்தான். அங்கிருந்து அப்படியே நம்ம ஊரு ஈரோட்டுக்குத்தான் போயிருக்கணும். வீடு, காரு, பாப்பா ஸ்கூலு எல்லாம் இங்க கெடக்கும், நாம அங்க கெடப்போம்."



"அங்கிளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குங்க," என்றாள் ரோஷினி. "வெளிய சொன்னா அவர் வேலைக்கே ஆபத்து. அதான் பனி, ஐஸுன்னு கதை கட்டிப் போக விடாமப் பண்ணியிருக்காரு. அந்த மனுஷனைப் போயி என்னென்ன பேசிட்டேன்! பாவி நான்."

அன்று மாலையே மூவரும் போனார்கள். சுந்தரராமன்தான் கதவைத் திறந்தார். வாசலிலேயே ரோஷினி கை கூப்பினாள்.

"நீங்க மட்டும் பயமுறுத்தலைன்னா நாங்க நடுத்தெருவுல நின்னிருப்போங்க அங்கிள். எந்த ஜென்மத்துலயும் உங்களை மறக்க மாட்டோம்."

"கும்பிடாதேம்மா." செழியனின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே சொன்னார்.

"டீம்லேர்ந்து ஒருத்தரை வேலையை விட்டு எடுக்கணும், பேர் குடுன்னு மேலேர்ந்து கேட்டா. இவன் பேரைக் குடுத்ததே நான்தான்."