ஒரு டிரம் ஐஸ் தண்ணீர்

ஜெயித்துவிட்டால் பயிற்சியாளரின் தலையில் ஒரு டிரம் ஐஸ் தண்ணீரைக் கவிழ்ப்பது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் வழக்கம். அவர் எதிர்பார்க்காதபோது ஊற்றவேண்டும். எதிர்பார்க்காததுபோல் நடிப்பதில் பயிற்சியாளர் ஹாலிஸ் தேர்ந்தவர். ஐந்து கல்லூரிகளில் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று கண்கலங்கிவிட்டு, மறுவாரமே அடுத்த பெரிய கல்லூரிக்குத் தாவியவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

இன்றும் ஜெயிப்பது உறுதியானதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். டிவி கேமரா இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, தன் அணிப் பையன்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஆட்டம் முடிந்தது. பின்னால் டிரம்மைத் தூக்கும் சத்தம் கேட்டதும் தோளைக் குறுக்கிக் கண்களை மூடிக்கொண்டார்.

டிரம் அவரைத் தாண்டிப் போனது. வீங்கிய கணுக்காலில் வலி தெரியாமலிருக்க ஊசி போடவைத்து அவர் ஆட அனுப்பிய டெரல், பெஞ்சில் கிடந்தான். அவன் காலைப் பையன்கள் மெதுவாக ஐஸுக்குள் இறக்கினார்கள்.

"கோச் அங்க நிக்கிறாருடா" என்றான் டெரல், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நிக்கட்டும்."

ஹாலிஸ் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. ஆச்சரியப்படுவதற்குத் தோதாக, வாயை மட்டும் லேசாகத் திறந்து வைத்திருந்தார்.