படகுக்குத் தளம் போட்ட ரசமட்டம்

ஏரிக்கரையில் ஒருக்களித்துக் கிடந்த அலுமினியப் படகுக்குள், நின்று வலைவீச வசதியாக மீனவர் இன்னாசி பலகைத் தளம் போட்டுக்கொண்டிருந்தார். சமமாக இருக்கிறதா என்று பார்க்கப் பலகைமேல் வைத்திருந்த ரசமட்டம் தன் குமிழை நடுவில் நிறுத்தி, "இப்போதுதான் சரி" என்றது.

"நானே சாய்ந்துதானே கிடக்கிறேன்? முதலில் என்னைத் தண்ணீரில் இறக்கிப் பார்க்கலாமே" என்றது படகு.

"ஆடுகிற தண்ணீரை நம்பி யாராவது மட்டம் பார்ப்பார்களா?" என்று சிரித்தது ரசமட்டம். இன்னாசி திருகாணிகளை இறுக்கினார்.

மறுநாள் படகு ஏரியில் நிமிர்ந்து மிதந்தது. தளம் ஒருபக்கம் சரிந்து நின்றது. அதில் கால் வைத்த இன்னாசி வழுக்கித் தண்ணீரில் விழுந்தார்.

"ஐயோ, பார்த்தாயா?" என்று பதறியது படகு.

தளத்தின் மேலேயே கிடந்த ரசமட்டம், ஓரத்துக்கு ஓடிப்போன தன் குமிழைப் பார்த்தது. பரந்து கிடந்த ஏரியையும் பார்த்தது.

"ஆச்சரியமாக இருக்கிறதே! இவ்வளவு பெரிய ஏரியை யார் இப்படிக் கோணலாகப் போட்டது?" என்றது.