ஆளுயரச் சக்களத்தி

“திரிஷாங்கிறது யாரு?”

வாத்தியத்தின் வில்லைத் துடைத்துக்கொண்டிருந்த வீரபாண்டியின் கை அப்படியே நின்றது.

“யாரு சொன்னா?”

“உங்க போனுதேன் சொல்லுச்சு. கட்டில்ல கெடந்து மினுக்கு மினுக்குன்னு அந்தப் பேரைக் காட்டுது. அறுபத்தி மூணு வயசுல உங்களுக்குத் திரிஷா கேக்குதோ?”

அவர் வாய்க்குள் ஏதோ சொன்னார். ஜக்கம்மாளுக்கு அது எட்டவில்லை. திருட்டு முழி மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ஜக்கம்மாளுக்குப் பாம்புக் காது என்று அனுமந்தன்பட்டி முழுக்கப் பேர். எதிர்த்த வீட்டு இருளம்மாள் புருசனோடு சண்டை போட்டால், பறந்தது எவர்சில்வரா பித்தளையா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கே எட்டாதபடி ரகசியம் பேசக் கற்றுக்கொண்டிருந்தார் மனுசன். போன் வந்தால் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். மருமகள் முத்துலட்சுமியும் உடந்தை. இரண்டு பேரும் கூடத்தில் நின்று உதட்டை அசைப்பார்கள். இவள் பக்கத்தில் போனதும் பேச்சு நின்றுவிடும்.

அந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்த வருசத்திலிருந்துதான் இத்தனை கூத்தும்.

மின்வாரிய வேலையில் ஓய்வு பெற்றதும், சின்ன வயது ஆசை என்று குமுளிக்குப் பிடில் வாங்கப் போனார். திரும்பி வந்தது திராட்சை ஏற்றுகிற டெம்போவில். பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு வாத்தியம், பிடிலுக்குப் பெரியப்பா மாதிரி. டபுள் பேஸாம். நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டுமாம். போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், பிளாஸ்திரி போட்ட கையோடு சோறு பிசைந்தார். ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையத்தில் நாலு பெருசுகள் கூடுவார்கள். மற்ற மூன்று பேரும் பாட்டை வாசிக்க, இவர் மூலையில் நின்று கும்ம் கும்ம் என்று கூடவே போவார். இவருக்கென்று ஒரு கைத்தட்டு விழுந்ததில்லை. ஆனாலும் வீடு திரும்பும்போது முகத்தில் மாப்பிள்ளைக் களை.

நெருப்பில்லாமல் புகையுமா? அந்த யோசனையிலேயே போன வாரம் இரண்டு தடவை குக்கரை அடிப்பிடிக்க விட்டுவிட்டாள் ஜக்கம்மாள். விசிலை எண்ணுகிற மனசா அது?

“வியாழக்கிழமை தேனிக்கு எதுக்குப் போனீக?” என்றாள்.

“ஒரு வேலையாப் போனேன்.”

“அந்தத் திரிஷாவைப் பாக்கத்தான?”

அவர் மருமகளைப் பார்த்தார். அடுப்படி வாசலில் நின்ற முத்துலட்சுமி ஏதோ முணுமுணுத்தாள். அவள் காலடியில் உட்கார்ந்து பேத்தி பூசை மணியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது.

“என்னடி அங்கன குசுகுசு?”

“ஒண்ணுமில்லத்தே!” என்று கத்தினாள் முத்துலட்சுமி.

மாமியாரிடம் குரலை உயர்த்துகிற அளவுக்கு வந்தாயிற்று! ஜக்கம்மாள் புருசன் பக்கம் திரும்பினாள். முப்பத்தெட்டு வருசக் குடித்தனம். இந்த மனுசன் நைட் டூட்டியில் கம்பத்தில் ஏறி நின்ற காலமெல்லாம் தாலியைப் பிடித்துக்கொண்டு தூங்கியவள் அவள்.

“இந்தப் பெட்டி வேணுமா நான் வேணுமான்னு இப்பவே சொல்லிருங்க. இல்லேன்னா பண்ணைப்புரத்துக்கு எங்க அண்ணன் வீட்டுக்குக் கெளம்புறேன். அப்புறம் தேடி வந்தாலும் வர மாட்டேன், ஆமா.”

சொல்லிவிட்டு, கட்டிவைத்திருந்த பையை எடுத்துக்கொண்டாள். கிளம்புவதற்கு முன்னால் சாமி மாடத்துப் பக்கம் திரும்பிக் குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டாள். வைத்த பிறகும் திரும்பவில்லை. பின்னாலிருந்து ஒரே ஒரு தடவை ‘ஜக்கு’ என்று கூப்பிட்டால் போதும், பையைக் கீழே வைத்துவிடலாம் என்று நின்றாள்.

நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். ஒரு குரலும் வரவில்லை.

“கூப்பிடக்கூட வாய் வரல பாரு!”

ஆத்திரத்தோடு திரும்பியவள் திடுக்கிட்டாள். முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் வீரபாண்டி நின்றுகொண்டிருந்தார். கையில் பேத்தியிடமிருந்து வாங்கிய பூசை மணி. அதை வேகவேகமாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

“மணி எதுக்கு இப்ப? அதுவும் நாக்கு அந்துபோன மணி. சத்தத்தையே காணோம்!”

முத்துலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஜக்கம்மாள் மணியைக் குனிந்து பார்த்தாள். நாக்கு இருந்தது. இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்துக்கொண்டுதான் இருந்தது.

அடுப்படி வாசலில் பேத்தி இரண்டு காதையும் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தது.

வீரபாண்டி மணியைக் கீழே வைத்தார். வாத்தியத்தை நிமிர்த்தித் தோளோடு சாய்த்து, தடித்த கம்பியில் வில்லை இழுத்தார். கும்ம்ம் என்று தரை அதிர்ந்தது. அது ஜக்கம்மாளின் காலில் ஏறி நெஞ்சு வரைக்கும் வந்தது.

“இது கேக்குதா?” என்றார் சத்தமாக.

“ம்” என்றாள்.

அவர் கிட்டே வந்து, அவள் காதோரம் குனிந்தார்.

“திரிஷா தேனியில காது டாக்டரம்மா. உன்னையக் கூட்டிட்டு வரச் சொல்லி மூணு வருசமாச் சொல்றாக. பாம்புக் காதுக்காரிகிட்ட இதை எப்படிச் சொல்றது? கீச்சுச் சத்தமெல்லாம் மொதல்ல போயிருமாம், அடிச்சத்தந்தேன் கடைசிவரைக்கும் நிக்குமாம். பிடில் வாங்கத்தேன் போனேன் ஜக்கு, ஆனா நான் வாசிச்சா நீ கேக்கணும்ல?”