துண்டை எடுக்கப் போனவர்

அருவிக்கரையில் துண்டை மறந்துவிட்டு வந்த தையல்காரர், மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"தலை தனியா கழண்டு வர்றதா இருந்தா அதையும் விட்டுட்டு வந்திருப்பீங்க. ஓடிப் போய் எடுத்துட்டு வாங்க, நாங்க வண்டியில இருக்கோம்."

துண்டு பாறை மேலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தால், அருவிப் பூங்காவின் வாசற்கதவு பூட்டியிருந்தது. வெளியே வண்டியைக் காணோம்.

"உங்க டோக்கன் வந்துடுச்சே சார்," என்றார் காவலாளி.

உள்ளே வருகிறவர்களுக்குப் பித்தளை டோக்கன் கொடுத்து, போகும்போது வாங்கி ஆணியில் மாட்டுவார்கள். தையல்காரர் சட்டைப்பையைத் துழாவினார். டோக்கன் இருந்தது. ஆணியிலும் அதே எண்ணில் ஒன்று தொங்கியது.

காவலாளியின் போனை வாங்கி மனைவியைக் கூப்பிட்டார்.

"நான்தான் பேசறேன். துண்டு கிடைச்சுடுச்சு. எங்க போயிட்டீங்க?"

"ராங் நம்பருங்க. எங்க வீட்டுக்காரர் இதோ பக்கத்துல வண்டி ஓட்டிட்டிருக்காரு." பின்னால் யாரோ தையல்காரரின் சிரிப்பையே சிரித்தார்கள்.

காவலாளி போனை வாங்கிக்கொண்டு பின்னறைக் கதவைத் திறந்தார்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க, இன்னொருத்தர் வந்திருக்காரு."

பெஞ்சில் இருந்தவர்கள் சத்தமில்லாமல் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருவர் மடியில் குடை. ஒரு பெண்ணின் கையில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு.