நாலு வார்த்தை

கீலுங் ஊரில் இரண்டு விஷயம் நிற்காது. ஒன்று மழை. இன்னொன்று பீஜூ அக்காவின் வாய்.

"யோவ் ஜின்ஹாய்! குடிச்சாச்சுல்ல? நகருய்யா! பின்னால நிக்கறதெல்லாம் மனுஷங்களா, மீன் கூடையா?"

ஆஸ்பத்திரியின் பின்பக்க ஜன்னல். ஹெராயின் போதையை விட்டவர்களுக்கு அங்கே தினம் ஒரு கோப்பை மெத்தடோன் மருந்து. வரிசையில் வருகிறவர்கள் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது என் வேலை.

மருந்தைக் குடித்ததும் நர்ஸிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். வாயிலேயே அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்றுவிடக் கூடாதே, அதற்காக.

நாலு வார்த்தை என்றால் ஜின்ஹாய்க்கு நானூறு. கொரோனா வந்து, இவர்கள் டீ குடித்துச் சதுரங்கம் ஆடுகிற பக்கத்து அறையையும் பூட்டிய பிறகு, அது நாலாயிரமாகிவிட்டது.

"நேத்து சோறு வெச்சேன் சிஸ்டர். வெந்ததும் குக்கர் 'டக்'குன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. நான் 'சரிங்க'ன்னேன். அப்புறம்தான் உறைச்சுது, பேசினது குக்கர்னு!"

வரிசையே சிரித்தது. அவனுக்குப் பின்னால் நின்ற பீஜூ அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"குக்கருக்காவது எப்போ நிறுத்தணும்னு தெரியுது! மாஸ்க்கை மேல ஏத்துய்யா. உன் கொரோனாவை எனக்குப் பங்கு வைக்காதே!"

"உன் வாய்க்குப் பயந்து அது உன் பக்கமே வராது."

பதினைந்து நாளாக இதே கூத்துதான். அவன் பேசுவான், இவள் திட்டுவாள். அவன் கிளம்பினால் வாசல் வரைக்கும் பின்னாலேயே போய்த் திட்டுவாள்.

அன்றைக்கு நர்ஸ் ஜுவாங் ஜன்னல் வழியாக ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"ஜின்ஹாய், நல்ல சேதி. கூட்டத்தைக் குறைக்கச் சொல்லி உத்தரவு. நாளையிலேர்ந்து ஏழு நாள் மருந்தை மொத்தமா வீட்டுக்கே எடுத்துட்டுப் போகலாம். தினம் மழையில வந்து நிக்க வேண்டாம்."

வரிசையில் கைதட்டினார்கள். பின்னே, லேசுப்பட்ட விஷயமா? கையில் ஏழு பாட்டில் தருகிறார்கள் என்றால் அவனை நம்புகிறார்கள் என்று அர்த்தம்.

ஜின்ஹாய் காகிதத்தைப் பார்க்காமல் அந்த ஜன்னலையே பார்த்தான்.

"சரிங்க," என்றான்.

அவன் ஒரே வார்த்தையோடு நிறுத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கூடவே கூடாது!"

பீஜூ அக்கா குடையை மடக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தாள்.

"இவனை நம்பி ஏழு பாட்டிலா? ஒரே நாள்ல குடிச்சுட்டு மல்லாந்து கிடப்பான்! இல்லேன்னா வித்துடுவான்! தினம் இங்க வரவழைச்சு, கண்ணு முன்னால குடிக்க வைங்க!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்க்கா, ஒருத்தன் நல்லா இருந்தா உனக்குப் பொறுக்காதா?"

"உன் வேலை நெத்தியோட நிக்கட்டும்!"

நர்ஸும் கடுப்பாகிவிட்டாள்.

"புகாராவே எழுதிக்கறேன். உங்க மருந்து அட்டையைக் கொடுங்க."

"அட்டை எதுக்கு? வாயால சொன்னா எழுதமாட்டீங்களா?"

"வேணாம், பேரைப் போட்டே பார்த்துக்கறேன்."

கம்ப்யூட்டரில் தட்டினாள். முழித்தாள். மறுபடி தட்டினாள்.

"அக்கா... உங்களுக்குத்தான் ரெண்டு வாரமா காலை ஷிஃப்ட்டுல ஏழு நாள் பாட்டிலை மொத்தமாக் கொடுத்து அனுப்பறாங்களே! அப்புறம் எதுக்குத் தினம் வரிசையில வந்து நிக்கறீங்க?"

வரிசையே அக்கா பக்கம் திரும்பியது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பதினைந்து நாளும் அக்காவின் நெற்றியைப் பார்த்தேனே தவிர, அவள் கோப்பை வாங்கி ஒரு நாளும் பார்க்கவில்லை.

பீஜூ அக்கா மாஸ்க்கைக் கண் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"குக்கரை விட்டா இவன் வீட்டுல வேற யாரு இருக்கா? அதுக்கு இவனைத் திட்டத் தெரியுமா?"