கத்தாத ஆடுகள்

பட்டியில் ஒரு ஆடும் கத்தவில்லை.

பிசைந்த மாவு கையில் ஒட்டியபடியே அவள் வேலியோரம் வந்து நின்றாள். குட்டியைப் பிரித்துக்கொண்டு போனால் தாயாடு அன்று முழுக்கக் கத்தித் தீர்க்கும். கணவர் பலி கொடுக்க மலைக்குப் போகிற நாளெல்லாம் அந்தச் சத்தத்தில் அவளுக்குத் தலைவலி வந்துவிடும்.

இன்றைக்கு எல்லாத் தாய்களும் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. குட்டிகள் மடியை முட்டி முட்டிப் பால் குடித்தன.

தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மேய்ப்பனைக் கூப்பிட்டாள்.

“எந்தக் குட்டியக் கொண்டு போனாரு?”

“ஒண்ணும் கொண்டு போகலையேம்மா. நானும் கேட்டேன். அங்க கடவுளே குடுப்பாருன்னு சொல்லிட்டாரு.”

மொட்டை மலையில் யார் ஆட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்?

விறகு போயிருந்தது. நெருப்புச் சட்டி போயிருந்தது. நேற்றுச் சாயங்காலம் அவர் கத்தி தீட்டியதை அவளே பார்த்தாள். கூடவே போனது அவள் பிள்ளை.



கொள்ளுப்பேரன் எடுக்கிற வயதில் பெற்ற பிள்ளை. கிழவிக்குப் பிரசவமா என்று சுற்றுவட்டாரமே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பையே பிள்ளைக்குப் பெயராக வைத்தார்கள்.

மனிதர் குணம் அவளுக்குத் தெரியாதா என்ன? யாரோ ஊர்க்காரர்களுக்காகக் கடவுளிடமே பேரம் பேசுவார். சொந்த வீட்டு விஷயம் என்றால் வாயைத் திறக்கமாட்டார். மேலேயிருந்து கேட்டால் கொடுத்துவிடுவார், அவ்வளவுதான்.

ஓடினாள். பாதை திரும்பும் இடம் வரைக்கும் போய்ப் புழுதியில் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் கொண்டுபோன கழுதையின் குளம்படிகூடக் காற்றில் அழிந்திருந்தது.

இன்று விடியுமுன் எழுந்து விறகை அவரே பிளந்தார். இத்தனை ஆட்கள் இருக்கும்போது இவருக்கு ஏன் இந்த வேலை என்று அவள் புரண்டு படுத்துக்கொண்டாள். யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பினார்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நாளும் இப்படித்தான். விடியுமுன் எழுந்து, ரொட்டியை அவரே துணியில் கட்டினார். தோல்பையில் தண்ணீர் நிரப்பி வேலைக்காரியின் தோளில் மாட்டினார். அவள் வயிற்றில் தனக்குப் பிறந்த மூத்த மகனையும் அவள் கையில் பிடித்துக் கொடுத்து, பாலைவனத்துப் பக்கம் அனுப்பினார்.

அதை முதலில் சொன்னது மேலேயிருந்து வந்த குரல் அல்ல.

“அவளையும் அவ பிள்ளையையும் துரத்துங்க” என்றவள் இவள்தான்.

இதே திருப்பத்தில் அந்த வேலைக்காரி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்றிருந்த இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது யாரிடம் போய் அழுவது? கணவரிடமா? கேட்ட கடவுளிடமா? பெற்ற பிள்ளை சாகப் போகிறான் என்று தெரிந்து இப்படி மண்ணில் உட்கார்ந்திருந்தவள் இவளுக்குத் தெரிந்து, பாலைவனத்தில் தண்ணீர் தீர்ந்துபோன அந்த ஒருத்திதான். வீட்டில் இருந்த அத்தனை வருஷமும் அந்த ஒருத்தியை ‘ஏய்’ என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

வெட்டவெளியைப் பார்த்து வாய்விட்டுக் கத்தினாள். நெஞ்சு வெடித்துவிடுகிற மாதிரி, திரும்பத் திரும்ப ஒரே பெயர்.

மேய்ப்பன் தண்ணீர்க் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். பிள்ளையைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருந்தான்.

கிட்டே வந்த பிறகுதான் சரியாகக் கேட்டது. அது அந்த வேலைக்காரியின் பெயர்.